பெரியம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று: தேதி குறிக்கும் முன் வீட்டைப் பாருங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். வயது 41. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, கணவருக்கு டையிங்கில் வேலை, லைன் வீட்டில் குடியிருப்பு. சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவரை வளர்த்து ஆளாக்கியது அம்மாவின் அக்கா. அந்தப் பெரியம்மா தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். வயது 72 இருக்கும், ஆதாரில் 68. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாசியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வழுக்கி விழுந்தவரை நேராகக் கட்டுப் போடும் இடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஏழு மாதம் ஓடிவிட்டது. வலது கால் ஒரு அங்குலம் குட்டையாகி, வலது கையில் தடியை ஊன்றிச் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார். இரவில் தொடை இடுக்கில் வலி. இப்போது எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த கோவை சர்ஜன் ஒருவர், எலும்பு சேரவே இல்லை, முழு இடுப்பு மூட்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, இரண்டரை லட்சம் செலவு சொல்லி, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு தேதியும் கொடுத்துவிட்டார்.

பெரியம்மா, "இருக்கிற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன், விடு" என்கிறார். அவருடைய கொழுந்தனாரின் மகன்கள், "இந்த வயசுல கத்தி வெச்சா எந்திரிக்கவே மாட்டாங்க, நாங்க கையெழுத்துப் போட மாட்டோம்" என்கிறார்கள். வாசகியின் கேள்விகள் பல. இந்த வயதில் ஆபரேஷன் தாங்குமா? பெற்ற பிள்ளை இல்லாதவருக்கு யார் கையெழுத்துப் போடுவது? என் இஎஸ்ஐ கார்டில் பார்க்க முடியுமா? மூன்று மாதம் லீவு போட்டால் வேலை போய்விடும், என்ன செய்வது? பெரியம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது? கடைசி வரியில், "கட்டுப் போடக் கூட்டிட்டுப் போனதே நான்தான் டாக்டர்" என்று எழுதி முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற கேள்விகள் எல்லாவற்றையும் அதுதான் அழுத்திக்கொண்டிருக்கிறது. விழுந்தால் கட்டுப் போடுவது நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. கை மணிக்கட்டு, விலா மாதிரி தானாகவே சேரக்கூடிய முறிவுகள் கட்டிலும் சேர்ந்துவிடுவதால் அந்த நம்பிக்கை நிற்கிறது. ஆனால் பெரியம்மாவுக்கு முறிந்தது தொடை எலும்பின் கழுத்து, அதாவது இடுப்புக் கிண்ணத்தில் உட்காரும் பந்தை எலும்போடு இணைக்கும் பகுதி. அது அப்படிப்பட்ட இடமில்லை. பந்துக்கு ரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் போகிறது, முறிந்து விலகும்போது அவையும் அறுந்துபோகும். அதோடு அது மூட்டுப் பைக்குள் இருக்கிற இடம். மற்ற எலும்புகள் சேரும்போது சுற்றிலும் புது எலும்பு கட்டியாகப் பூத்துக்கொள்ளுமே, அது அங்கே வராது. நானே மாவுக்கட்டுப் போட்டிருந்தாலும் சேர்ந்திருக்காது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும், 70 வயதைத் தாண்டியவருக்கு விலகிய கழுத்து முறிவு என்றால் பெரும்பாலும் மூட்டையோ பாதி மூட்டையோ மாற்றத்தான் சொல்லியிருப்பார்கள். ஏழு மாத வலி வீணாகப் போனது உண்மைதான். ஆனால் சேர இருந்த எலும்பை நீங்கள் கெடுத்துவிடவில்லை.

இதிலிருந்தே நீங்கள் கேட்ட இன்னொன்றுக்கும் பதில் வருகிறது. "ஸ்குரூ மட்டும் போட்டால் செலவு குறையுமே?" இத்தனை மாதத்தில் கழுத்துப் பகுதி தேய்ந்து கரைந்திருக்கும், பந்துக்கு உயிரோட்டம் இருப்பதும் சந்தேகம். இந்த வயதில், இந்த நிலையில் ஸ்குரூ போட்டால் ஒரு ஆபரேஷன் இரண்டாகும் வாய்ப்புதான் அதிகம். உங்கள் சர்ஜன் சொன்னது சரியான வழிதான்.

சரி, வயது தாங்குமா?

கொழுந்தனார் மகன்கள் சொல்வதை முழுக்க ஒதுக்கவும் முடியாது, அப்படியே ஏற்கவும் முடியாது. வயது என்ற எண்ணை நாங்கள் தனியாகப் பார்ப்பதில்லை. இதயம், சிறுநீரகம், சர்க்கரை, ரத்த அளவு, விழுவதற்கு முன் அவர் எப்படி நடமாடிக்கொண்டிருந்தார், இவைதான் கணக்கு. மாசிக்கு முன்பு வரை ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ரிப்போர்ட்டையும்விட எனக்கு அது தெம்பு தருகிறது. பெரும்பாலும் முழு மயக்கம்கூடக் கொடுக்க மாட்டார்கள், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துதான் செய்வார்கள். இந்த ஆபரேஷனின் அடிப்படை வடிவம், உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும், 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி வெற்றிகரமாகச் செய்து காட்டியதிலிருந்து வருகிறது. அறுபது வருடம் அடிபட்டுத் தேறிய வேலை.

"பத்து வருஷத்துல தேஞ்சு போயிரும், மறுபடியும் அறுக்கணும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். பல நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், மாற்றிய இடுப்பு மூட்டுகளில் பத்தில் ஒன்பது அளவுக்கு 15 ஆண்டு தாண்டி நின்றிருந்தன, பாதிக்கு மேல் 25 ஆண்டும் நின்றன. உங்கள் பெரியம்மாவுக்கு 72 என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அபாயம் இல்லையா என்றால், இருக்கிறது. மூட்டில் சீழ் பிடிப்பது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நடக்கும், சர்க்கரை கட்டில் இல்லாவிட்டால் இன்னும் கூடும். பந்து கிண்ணத்தை விட்டு நழுவுவது, கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போவது, இதெல்லாம் உண்டு. உங்கள் பெரியம்மா விஷயத்தில் கூடுதலாக ஒன்று: ஏழு மாதமாகச் சுருங்கிய தசையை இழுத்துக் காலின் நீளத்தை மீட்க வேண்டும், அதிகம் இழுத்தால் பின்தொடை நரம்பு பாதித்துப் பாதம் தொங்கிப்போகக்கூடும். அதனால் சில சர்ஜன்கள் வேண்டுமென்றே கொஞ்சம் குறைவாக விட்டுவிடுவார்கள். "கால் எவ்வளவு சமமாகும், மீதி இருந்தால் செருப்பில் ஏற்றிக்கொள்ளலாமா?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் விட்டு, பிறகு "அத்தனை செலவு பண்ணியும் கால் குட்டையாத்தான் இருக்கு" என்று மனம் வெறுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

யார் கையெழுத்து, யார் முடிவு

"எப்படிச் சம்மதிக்க வைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சம்மதிக்க வைப்பது உங்கள் வேலை இல்லை. புரிய வைப்பது வரைதான் உங்களுடையது, முடிவு அவருடையது. நினைவு தெளிவாக இருக்கும், வயது வந்த ஒருவருடைய உடம்புக்கு அவருடைய கையெழுத்துதான் ஒப்புதல். மகன் மகள் இல்லை என்பதால் அது குறைந்துவிடாது. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்காக அவருடைய தாயிடம் வாங்கிய ஒப்புதலையே அங்கே ஏற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் கையெழுத்து ஒன்று கேட்பார்கள், சாட்சிக்கும் பணத்துக்கும் பொறுப்புக்கும். அதை நீங்கள் போடலாம். கொழுந்தனார் மகன்கள் போட மாட்டேன் என்றால் ஆபரேஷன் நின்றுவிடாது.

நான் வக்கீல் இல்லை, ஆனாலும் இது தெரிந்திருக்கட்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், பிள்ளை இல்லாத முதியவரின் சொத்தை வைத்திருக்கிற அல்லது அவருக்குப் பின் அடையப்போகிற வாரிசுகளுக்கும் அவரைப் பராமரிக்கும் கடமை உண்டு. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பெரியம்மாவின் இரண்டு ஏக்கர் நிலம் யாருக்குப் போகும் என்று அவர்கள் பேசிக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள், அதனால்தான் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் மனு வேண்டாம், சொந்தம் முறிந்துவிடும். ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்து, "செலவில் பாதி, அல்லது மாற்றி மாற்றி இரவுத் துணை" என்று கேளுங்கள். அப்புறம், பெரியம்மா ஆஸ்பத்திரியில் வலி மருந்தில் இருக்கும் நாட்களில் எந்தப் பத்திரத்திலும் அவர் கைநாட்டு விழக் கூடாது.

பெரியம்மாவின் மறுப்புக்கு வருவோம். "இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லும் பெரியவர்களிடம், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டால் வேறு பதில் வரும். கத்திக்குப் பயம் என்று சொல்பவர்கள் குறைவு. "எனக்கு ஆய் கழுவி விடணுமே, அது அந்தப் புள்ளைக்கு எதுக்கு" என்பதுதான் அடிக்கடி கேட்பது. அதற்குப் பதில் ஆபரேஷன் இல்லை, ஒரு கமோடு நாற்காலி. இரண்டாவது, செலவு. மூன்றாவது, தான் போய்விட்டால் ஆடும் வீடும் என்ன ஆகும் என்பது. அவருடைய பயம் இதில் எது என்று தெரியாமல் எக்ஸ்ரேயைக் காட்டிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அடுத்த முறை சர்ஜனைப் பார்க்கும்போது அவரையே கேள்வி கேட்க விடுங்கள், நடுவில் நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

கேட்டபின்னும் வேண்டாம் என்றால்? அதுவும் ஒரு வழிதான். புதிதாக விழுந்து படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஓரிரு நாளில் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தாமதித்தால் படுக்கைப்புண்ணும் நெஞ்சுச் சளியும் உயிரையே கொண்டுபோகும். உங்கள் பெரியம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டி எழுந்து நடந்துகொண்டிருக்கிறார், அதனால் இது அவசர ஆபரேஷன் இல்லை. செய்யாவிட்டால் வலி இருக்கும், நடை குறையும், மறுபடி விழும் வாய்ப்பு கூடும், இடுப்பும் முதுகும் கோணிப்போகும். வலி தாங்கக்கூடியதாக இருந்து, அவர் உலகம் வீட்டுக்கும் திண்ணைக்கும் நடுவில் போதும் என்றால் வாக்கரோடு சமாளிக்கலாம். ஆனால் இரவில் தூங்க முடியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால், நான் அவருடைய டாக்டராக இருந்தால் செய்துகொள்ளச் சொல்வேன்.

இதற்கிடையில் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று: தடியை இடது கைக்கு மாற்றுங்கள். வலிக்கிற காலின் பக்கமே தடியைப் பிடிப்பது எல்லோரும் செய்வது, ஆனால் எதிர்க் கையில் ஊன்றினால்தான் மூட்டின் மேல் பாரம் குறையும். இரண்டு நாள் தடுமாறுவார், பிறகு பழகிவிடும்.

பணம்

உங்கள் இஎஸ்ஐ கார்டில் பெரியம்மாவைச் சேர்க்க முடியாது. கணவன் மனைவி, பிள்ளைகள், உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் என்றுதான் குடும்பத்துக்கு அங்கே வரையறை. வளர்த்த பெரியம்மா அதில் வர மாட்டார். ஆனால் அவருக்குத் தனி ரேஷன் கார்டும் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், இடுப்பு மூட்டு மாற்று அதில் உண்டு. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்ய வேண்டும். 2024 அக்டோபர் இறுதியில் மத்திய அரசு, 70 வயது முடிந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் வரை காப்பீடு தரும் திட்டத்தைத் தொடங்கியது, ஆனால் அதற்கு ஆதாரில் உள்ள வயதுதான் கணக்கு. நம் ஊரில் பாதிப் பாட்டிகள் ஆதாரில் ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தவர்கள், உங்கள் பெரியம்மாவும் அப்படி 68-இல் நிற்கிறார். அதைத் திருத்த அலைந்து நாளைக் கடத்தாதீர்கள், வருமானச் சான்று வழியே போங்கள்.

தனியார் ஆஸ்பத்திரி காப்பீட்டில் எடுத்துக்கொள்ளும் என்றால், "காப்பீட்டுக்கு மேல் நான் எவ்வளவு கட்ட வேண்டும், எந்த மூட்டுப் போடுவீர்கள்?" என்று எழுதி வாங்குங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அவசரமில்லாத ஆபரேஷனுக்கு அந்தக் காத்திருப்பு பெரிய குறை இல்லை. இரண்டரை லட்சத்துக்குக் கந்து வட்டிக்குப் போவதற்கு முன் ஒரு நாள் லீவு போட்டு அங்கே வெளிநோயாளிப் பிரிவில் காட்டுங்கள். திட்டம் பற்றிய சந்தேகத்துக்கு 104-க்கு அழைக்கலாம்.

எந்த வீடு?

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். லைன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பத்துக்குப் பத்து அறை, ஏழு குடும்பத்துக்கு இரண்டு கக்கூஸ், அதுவும் குத்துக்கால் வைத்து உட்கார்வது, போகிற வழியில் சாயத் தண்ணி, பாசி. ஆபரேஷன் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதை அங்கே கெடுத்துக்கொள்ள ஒரு வழுக்கல் போதும். கிராமத்து வீடு தரைத் தளம், வாசல் அகலம், தெரிந்த இடம், பக்கத்தில் ஆள். நான் அங்கேதான் வைத்துப் பார்க்கச் சொல்வேன், முதல் இரண்டு வாரம் நீங்கள் அங்கே போய் இருந்துகொண்டு.

அங்கேயும் சில மாற்றங்கள் வேண்டும், எல்லாம் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முன்பே. கயிற்றுக் கட்டிலும் நைலான் பட்டைக் கட்டிலும் ஆகாது, நடுவில் குழிந்து இடுப்பை மடக்கிவிடும். மரக்கட்டிலோ இரும்புக் கட்டிலோ, மேலே கெட்டியான மெத்தை. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்து இருக்க வேண்டும். உயரம் போதாவிட்டால் நான்கு காலுக்கும் அசையாத மரக்கட்டை கொடுங்கள். கை வைத்த உயரமான நாற்காலி ஒன்று. கமோடு நாற்காலி மருத்துவ உபகரணக் கடையில் விலைக்கும் வாடகைக்கும் கிடைக்கும், வாங்கும்போது உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். குளிக்கும் இடத்தில் சுவரில் ஒரு பைப்பைப் பதித்துக் கைப்பிடி, தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு. அடுப்படியில் அரிவாள்மனையையும் ஆட்டுரலையும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள், கண்ணில் பட்டால் உட்கார்ந்துவிடுவார். ஆடுகளை மூன்று மாதம் யாரிடமாவது வாரத்துக்கு (பங்குக்கு) விடுங்கள். கோழி காலுக்குள் ஓடுவதும் ஆபத்துதான், சிரிக்காதீர்கள்.

சேர்ப்பதற்கு முன்

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c), இதய எக்கோ, சிறுநீரகம், ரத்த அளவு, சிறுநீர் எல்லாம் அவர்களே எடுப்பார்கள். மூன்று மாதச் சர்க்கரை 8-க்கு மேல் இருந்தால் பல சர்ஜன்கள் தள்ளிவைப்பார்கள், கோபப்படாதீர்கள். பல்லில் சொத்தை, சீழ் இருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள். பித்தவெடிப்பில் புண் இருந்தால் அதையும் ஆற்றுங்கள், அதன் வழியே போகும் கிருமி புது மூட்டில் போய் உட்காரும். வெற்றிலையோடு புகையிலை போடுவார் என்றால் இன்றோடு நிறுத்தப் பாருங்கள், புண் ஆறுவதையும் நுரையீரலையும் அது கெடுக்கும்.

சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மெடிக்கல் கடையில் வலிக்கு வாங்கிய செட் மாத்திரையும் நாட்டு மருந்துப் பொடியும் உட்பட. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சகஜம், மயக்க மருந்து டாக்டருக்கு அது தெரிய வேண்டும். ரத்தம் நீர்க்கும் மாத்திரை எதை எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை இருந்தால் மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம், மறக்காமல் கேளுங்கள்.

மூக்குத்தியையும் இப்போதே பாருங்கள். நாற்பது ஐம்பது வருடமாகக் கழற்றாத மூக்குத்தி தியேட்டர் வாசலில் கழலாது. நர்ஸ் இழுக்க, பாட்டி அழ, அந்தக் கலவரத்தில் பிரஷர் ஏறி ஆபரேஷன் தள்ளிப்போவதும் உண்டு. ஆசாரியிடம் காட்டி முன்பே திருகைத் தளர்த்தி வையுங்கள். அப்புறம் இரண்டு மூன்று நைட்டி. புடவைக் கொசுவத்தோடு வாக்கரில் நடப்பது ஆபத்து. பின்னால் வார் வைத்த செருப்பு, ஹவாய் செருப்பு வேண்டாம்.

ஆஸ்பத்திரி நாட்கள்

பெரும்பாலும் மறுநாளே எழுப்பி வாக்கரில் நிற்க வைப்பார்கள். "நேத்துதான் அறுத்தாங்க, இன்னைக்கே நடக்கச் சொல்றாங்களே" என்று நீங்கள் தடுக்கக் கூடாது. படுக்கையில்தான் ஆபத்து. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, தொடையை இறுக்கி விடுவது, இதை மணிக்கு ஒரு தடவை அவரையே செய்யச் சொல்லுங்கள். வலி மருந்தைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள், வலியோடு நடக்க வைத்தால் மறுநாள் எழ மாட்டார்.

இரண்டாம் மூன்றாம் இரவில் ஒன்று நடக்கலாம், இப்போதே சொல்லி வைக்கிறேன். இருட்டியதும் ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவார், செத்துப்போன பெரியப்பா வந்து நிற்கிறார் என்பார், டியூபைப் பிடுங்குவார். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் அடிக்கடி வருவதுதான். பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை, பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், உப்புச்சத்துக் குறைவு, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தாங்காத வலி, ஏதாவது தூண்டியிருக்கும். மூக்குக் கண்ணாடியை மாட்டிவிடுங்கள், ஒரு விளக்கு எரியட்டும், பேர் சொல்லிக் கூப்பிட்டு என்ன கிழமை, எந்த ஊர் என்று மெதுவாகச் சொல்லுங்கள். வாதாடாதீர்கள், கையைக் கட்டச் சொல்லாதீர்கள். முதல் மூன்று இரவும் துணைக்கு அவருக்குத் தெரிந்த முகமாக இருப்பது நல்லது, கூலிக்கு வந்த ஆள் பகலுக்குப் போதும்.

வீட்டுக்கு வந்தபின்

அழைத்து வர ஆட்டோ வேண்டாம், பஸ் வேண்டவே வேண்டாம். காரில் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தலையணை போட்டு உயர்த்தி, முதுகுப் பக்கமாக உட்கார்ந்து இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். பின்பக்கமாகத் திறந்து செய்யும் முறையில் (பெரும்பாலும் அதுதான், கேட்டுக்கொள்ளுங்கள்) முதல் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, ஆபரேஷன் காலின் விரல்களை உள்பக்கம் திருப்பக் கூடாது. தரையில் உட்கார்வது, குனிந்து பொறுக்குவது, குத்துக்கால் வைப்பது எல்லாம் இதில் அடங்கும். ஒருக்களிக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே தலையணை. தரையில் உட்காராமல் இருப்பதை ஆயுசுக்கும் பழக்கமாக்கிக்கொள்ளச் சொல்வேன்.

சாப்பாட்டில் சொந்தக்காரர்களோடு உங்களுக்குச் சண்டை வரும். முட்டை, மீன், பருப்பு, கத்திரிக்காய் எல்லாம் சீழ் வைக்கும் என்பார்கள். சீழ் வைப்பது கிருமியும் கட்டில் இல்லாத சர்க்கரையும்தான். தசை ஊறப் புரதம் வேண்டும், தினம் முட்டை, கெட்டிப் பருப்பு, சுண்டல், மோர், மீன் எது பிடிக்குமோ கொடுங்கள். சிறுநீரகத்தில் குறை இருந்தால் மட்டும் டாக்டரிடம் அளவு கேளுங்கள். எண்ணெய் போட்டு நீவி விட யாரையும் விட வேண்டாம்.

வாக்கர் நான்கிலிருந்து ஆறு வாரம், பிறகு இடது கையில் தடி. படி இருந்தால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். பிசியோதெரபிக்கு வாரம் மூன்று முறை தாராபுரம் போய்வர முடியாதே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவதுண்டு, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். மற்றபடி அவர் செய்யக்கூடியதை நீங்கள் செய்துவிடாதீர்கள். தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது அன்புதான், ஆனால் அதற்காக அவர் எழுந்து பத்தடி நடந்திருப்பார்.

எதற்கு உடனே ஓட வேண்டும்

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும் 108. ரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் மாத்திரையோ ஊசியோ ஐந்து வாரம் வரைகூடப் போகும், வலி இல்லையே என்று பாதியில் விட்டுவிடக் கூடாது. தையலில் நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ ஊர் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாமல் ஆபரேஷன் செய்தவரிடமே போங்கள். ஒரு அசைவில் படக்கென்று வலித்து, கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக்கொண்டால் பந்து நழுவியிருக்கிறது என்று அர்த்தம். யாரும் இழுத்துச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது.

நடக்கத் தொடங்கியதும் எல்லோரும் மறந்துவிடும் ஒரு வேலை உண்டு. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது என்றால் எலும்பு மெலிந்திருக்கிறது. அதற்குத் தனி மருந்து இருக்கிறது, வாரம் ஒரு மாத்திரை அல்லது வருடம் ஒரு ஊசி, கூடவே கால்சியமும் வைட்டமின் டி-யும். கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் அடுத்தது இடது இடுப்பு. கண்ணில் புரை இருக்கிறதா, பிரஷர் மாத்திரையால் எழும்போது தலை சுற்றுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், மாசியில் ஏன் விழுந்தார் என்று இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசியாக உங்கள் லீவு. மூன்று மாதம் முழுக்க வேலையை விட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி ஒரு வாரம், வீட்டில் இரண்டு வாரம் முழு நேரம் ஆள் வேண்டும், தையல் பிரிப்பது அதற்குள் முடிந்துவிடும். அதன்பின் பெரும்பாலானோர் தானே கமோடுக்குப் போய் வருவார்கள். ஆறு வாரம் வரை குளிக்கவும் சமைக்கவும் ஒருவர், இரவுத் துணைக்கு ஒருவர் போதும். கொழுந்தனார் வீட்டுப் பெண்களிடம் அந்தக் குளியலையும் பக்கத்து வீட்டில் இரவையும் பேசி வையுங்கள், கூலி கொடுத்தாலும் பரவாயில்லை.

தேதியைப் பொறுத்தவரை, தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் திருப்பூரில் எந்தக் கம்பெனியும் லீவு தராது, போனஸும் சிக்கலாகும். சர்ஜனிடம் போய் தீபாவளி கழிந்து ஒரு தேதி கேளுங்கள். பண்டிகை லீவும் கூடச் சேர்ந்துவரும், போனஸும் கையில் இருக்கும், காப்பீட்டு அட்டைக்கும் பல்லுக்கும் சர்க்கரைக்கும் நேரம் கிடைக்கும். ஏழு மாதம் காத்திருந்த மூட்டு இன்னும் நான்கு வாரம் காத்திருக்கும். புதுத் தேதியைப் பெரியம்மாவே சொல்லட்டும், அமாவாசை, அஷ்டமி, நவமி எதையாவது அவர் வேண்டாம் என்றால் அதையும் சர்ஜனிடம் சொல்லுங்கள். நாங்கள் அதற்கெல்லாம் பழகியவர்கள்தான்.